துறவிமடத்துப் பீரும் நம் புதுவையும்

புதுவைக் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உள்ள உணவகங்களின் விலைப்பட்டியல்களில் 'பெல்ஜியம் முறைப் பீர்' என்னும் வரியை இந்நாளில் காண்கிறோம். 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பீரா 91' என்னும் இந்தியப் பீர் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டிலேயே வடிக்கப்பட்டு இங்கு வந்திறங்கியது. அதன் பின்னர் இந்திய நகரங்கள் பலவற்றில் உணவகத்தோடு சேர்ந்த சிறு வடிப்பகங்கள் தோன்றின. நம் நகரும் அதற்கு விலக்கன்று. பெல்ஜியத்துப் புட்டிகள் சிலவற்றின் மேல் முக்காடிட்ட துறவியின் உருவமோ, மடத்துக் கோபுரமோ அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கண்ட நம் இளைஞர் சிலர், "சாமி, இதைத் துறவிகளே காய்ச்சுகிறார்களாமே, உண்மையா?" என்று கேட்கின்றனர்.

உண்மைதான். ஆனால் இக்கேள்விக்குப் பின்னே வேறொரு கேள்வி மறைந்து நிற்கிறது. 'துறவிகளே வடிக்கும்போது நாங்கள் குடித்தால் என்ன?' என்பதே அது. முதல் கேள்விக்கு ஒரு சொல்லில் விடையளித்துவிடலாம். இரண்டாவது கேள்விக்கு விடை காண வேண்டுமாயின் ஐரோப்பியத் துறவிமடங்களின் வரலாற்றையும் நம் புதுவை மண்ணின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

நம் கடற்கரையின் பழைய சாடிகள்

தானியத்தை முளைகட்டிப் புளிக்கவைத்து மது வடிப்பது மேலைநாட்டார் நமக்குக் கற்றுத்தந்த கலை என்று எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் வீடுகளில் அரிசிக் கூழை ஆறவைத்து, இடித்த முளையை அதனோடு கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் முதிரவைத்துப் பிழிந்தெடுத்த பானத்தைப் பற்றிக் கூறுகிறது. வாற்கோதுமைக்குப் பதிலாக அரிசி என்பது தவிர, செய்முறையின் அடிப்படை பீருக்கும் இதற்கும் ஒன்றே. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையிலோ, எயிற்பட்டினத்துக்கு வரும் பாணர்க்கு நுளையர் மகள் வடித்த முதிர்ந்த தேறலும் சுட்ட மீனும் விருந்தாகின்றன. அந்த எயிற்பட்டினம் நமக்கு வடக்கே சில மணித்துளிப் பயணத்தில் உள்ள மரக்காணம் பகுதியே என்று அறிஞர் பலர் கருதுவர். இந்த மரக்காணத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

நகரின் தெற்கே, ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு மற்றொரு சான்று. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் கிரேக்க நாட்டுக் கோஸ் தீவின் திராட்சை மதுவைச் சுமந்து வந்த சாடிகளின் வகையும் உண்டு. யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகியதாக நக்கீரர் புறநானூற்றில் பாடுகிறார். ஆக, உள்ளூர்ச் சாடியும் வெளிநாட்டுச் சாடியும் ஈராயிரம் ஆண்டுகளாக நம் கரையில் அருகருகே இருந்துள்ளன. அதே தமிழ் மண்ணில்தான் திருவள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். மதுவைக் கண்ட நாடு அதன் கேட்டையும் கண்டது என்பதே இதன் பொருள்.

ஆசீர்வாதப்பர் வகுத்த அளவு

இனி ஐரோப்பாவை நோக்குவோம். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு ஒழுங்கு நூலொன்று எழுதினார். அதன் நாற்பதாம் அதிகாரம் குடிக்கும் அளவைப் பற்றியது. துறவிகளுக்கு மது ஏற்றதன்று என்பதே அவருடைய உள்ளக் கருத்து. ஆயினும் தம் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்கவைக்க இயலாது என்பதை அறிந்திருந்தார். ஆகவே ஒருவர்க்கு ஒரு நாளைக்கு ஒரு 'ஹெமினா' போதும் என்று வரையறுத்தார். ஏறத்தாழ கால் லிட்டர் என்பது பொதுவான கணக்கு. அதையும் விலக்கும் வலிமை பெற்றோர்க்குத் தனிப்பட்ட கைம்மாறு உண்டென்றார். மது கிடைக்காத ஊர்களில் வாழும் துறவிகள் முறுமுறுக்காமல் இறைவனைப் போற்றட்டும் என்றும் சேர்த்தார்.

ஒரு மேய்ப்பரின் நடைமுறை அறிவு இதில் விளங்குகிறது. மனித பலவீனத்தை அவர் மறைக்கவில்லை; அதற்கு முடிசூட்டவும் இல்லை. பலவீனத்தைச் சுற்றி அளவு என்னும் வேலியை இட்டார்.

திராட்சை விளையாத வடநாடுகளுக்கு இந்த ஒழுங்கு சென்றபோது மதுவின் இடத்தைப் பீர் பிடித்தது. 816-ஆம் ஆண்டில் ஆகன் நகரில் கூடிய மன்றம், திராட்சை மது இல்லாத இடத்தில் அதன் அளவைப் போல் இருமடங்கு நல்ல பீர் கொடுக்கலாம் என்று விதித்தது. அதே நூற்றாண்டின் முற்பகுதியில் வரையப்பட்ட புனித கால் மடத்தின் புகழ்பெற்ற வரைபடத்தில் மூன்று பீர் வடிப்பகங்கள் குறிக்கப்பட்டுள்ளன. துறவிகளுக்கு ஒன்று, மதிப்புமிகு விருந்தினர்க்கு ஒன்று, வழிப்போக்கர்க்கும் ஏழைகளுக்கும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அப்பம் சுடும் இடமும் உண்டு. புளிப்பேற்றும் ஈஸ்ட் இரண்டுக்கும் பொதுவன்றோ! கள் ஊற்றி ஆப்ப மாவைப் பொங்கவைத்த நம் பாட்டிமார்க்கு இந்த உறவை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் பிறந்து 1087-இல் இறந்த புனித அர்னுல்ஃப் பீர் வடிப்போரின் பாதுகாவலராகப் போற்றப்படுகிறார். கொள்ளைநோய் பரவிய காலத்தில் அவர் மக்களைத் தண்ணீருக்குப் பதிலாகப் பீர் அருந்தச் சொன்னார் என்பது மரபு. கொதித்த நீரில் நோய் பரப்பும் கிருமிகள் மடிந்துபோகும் என்பதை அந்நாளில் எவரும் அறியார். ஆனால் அனுபவம் அறிவுக்கு முன்னே நடந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித ஹில்டெகார்ட், ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ பானத்தைக் கெடாமல் காப்பதைப் பதிவு செய்தார். பீரின் கசப்பு அப்பூவினால் வருவதே.

அவர் நினைவு வாழும் ஊடன்பர்க்குக்கு அருகில் ஆஸ்டெண்ட் துறைமுகம் உள்ளது. அங்கிருந்து புறப்பட்ட வணிகர்கள் 1722-இல் தம் பெயரால் ஒரு கம்பெனி அமைத்து, சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் பண்டகசாலை நடத்தினர். 1731-இல் அக்கம்பெனி கலைக்கப்பட்டது. பிளாண்டர்ஸ் நாட்டாரின் கப்பல்கள் நம் கடலுக்குப் புதியவையல்ல என்பதற்காக இதைக் குறிப்பிட்டோம்.

சாம்பலிலிருந்து எழுந்த மடங்கள்

இன்று நாம் புட்டிகளில் காணும் மடங்கள் இடையறாத பழமை உடையவை என்று எண்ணுவது பிழை. பிரெஞ்சுப் புரட்சி ஐரோப்பியத் துறவு வாழ்வின் மேல் வீசிய புயல். 1132 முதல் சிஸ்டர்சியன் மடமாக விளங்கிய ஓர்வால், 1793-இல் எரிக்கப்பட்டு இடிபாடாகக் கிடந்தது. பிரான்சிலிருந்து ஓடிவந்த 'டிராப்பிஸ்ட்' துறவிகள் 1794-இல் ஆண்ட்வெர்ப் அருகே வெஸ்ட்மாலில் குடியேறினர். கடுந்தவச் சிஸ்டர்சியன் சபையினரான இவர்களுக்கு அப்பெயர் நார்மண்டியில் உள்ள லா டிராப் மடத்தால் வந்தது. மௌனம், செபம், கைத்தொழில் ஆகியவையே இவர்தம் வாழ்வு.

வெஸ்ட்மாலில் 1836-இல் பீர் வடிக்கத் தொடங்கினர். வெஸ்ட்விலெத்தரனில் உள்ள புனித சிக்ஸ்து மடம் 1831-இல் எழுந்து சில ஆண்டுகளுக்குப் பின் வடிக்கத் தொடங்கியது. ஸ்கூர்மோன் மடத்தில் 1862-இல் தொடங்கியதே இன்று 'ஷிமே' என்று பெயர் பெற்றுள்ளது. ஓர்வாலில் 1926-இல் மறுகட்டுமானம் தொடங்கியபோது, அதற்கான பொருளை ஈட்டவே 1931-இல் வடிப்பகம் அமைத்தனர். ஓர்வால் புட்டியில் மோதிரம் கவ்விய மீன் ஒன்று இருக்கும். மெத்தில்தா என்னும் சீமாட்டி ஊற்றில் தவறவிட்ட மோதிரத்தை ஒரு மீன் மீட்டுத் தந்ததாம். மீன் வாயில் காசு கண்ட பேதுருவை நினைவூட்டும் இனிய புனைகதை இது.

1919-இல் பெல்ஜிய அரசு ஒரு சட்டம் இயற்றியது. சிற்றுண்டிச் சாலைகளிலும் மதுக்கடைகளிலும் காய்ச்சி வடித்த கடுஞ்சாராயத்தை விற்கக் கூடாது என்பதே அது. தொழிலாளர் குடும்பங்களைக் காக்க எழுந்த சட்டம். சாராயம் கிடைக்காதபோது மக்கள் வலிமை மிகுந்த பீரை நாடினர். வடிப்போரும் அதற்கேற்ப வடித்தனர். 1934-இல் வெஸ்ட்மால் துறவிகள் வெளியிட்ட 'டிரிப்பெல்' இச்சூழலில் பிறந்ததே. அதன் சாராயச் செறிவு 9.5 விழுக்காடு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துறவிகள் தம் உணவு மேசையில் வைத்துக்கொள்வது இதுவன்று. 5 விழுக்காட்டுக்கும் குறைவான மென்பீரே.

சுவைத்துக் கண்டது

1962-இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் நம் பங்குகள் எல்லாவற்றிலும் உண்டு. அத்தகைய குடும்பம் ஒன்று விடுமுறைக்கு ஊர் வந்தபோது வெஸ்ட்மால் மடத்தின் இருவகைப் பீரைக் கொணர்ந்து மதிய உணவில் நம்மோடு பகிர்ந்துகொண்டது. மூன்றிலொரு லிட்டர் கொள்ளும் சிறு புட்டிகள் இரண்டு, அருந்தியவர் நால்வர். சுவையைப் பற்றிப் பேசப் புகுந்தபின் சுவைத்ததைச் சொல்லாதிருப்பது முறையாகாது.

டிரிப்பெல் மங்கிய பொன்னிறம் உடையது. வெண்ணுரை நெடுநேரம் நிற்கிறது. முகர்ந்தவுடன் எழுவது பூவன் வாழைப்பழத்தின் மணம். அதனடியில் மெல்லிய கிராம்பு. வாழையையும் கிராம்பையும் எவரும் அதில் இடுவதில்லை. அம்மடத்து ஈஸ்ட் புளிக்கும்போது தானே உண்டாக்கும் மணங்கள் அவை. நாவில் முதலில் தேனின் சாயலான இனிப்பு, பின்னர் மிளகு போன்ற உறைப்பு, முடிவில் வேப்பம்பூ ரசத்தை ஒத்த நற்கசப்பு. 9.5 விழுக்காட்டின் வலிமை நாவுக்குத் தெரிவதில்லை. சற்று நேரங்கழித்து மார்பில் எழும் வெம்மையே அதை உணர்த்துகிறது. இப்பானத்தின் இடர் அதில்தான் உள்ளது.

'டபுள்' என்னும் மற்றொன்று கருஞ்செம்மை நிறம். பனங்கருப்பட்டியைப் பாகு காய்ச்சும்போது எழும் மணம் அதில் இருந்தது. உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம், சிறிது தீய்ந்த அப்பத்தின் மேலோடு ஆகியவற்றை அது நினைவூட்டியது. நிறத்துக்கும் மணத்துக்கும் காரணம் கருகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு. புட்டியிலும் சிறிது ஈஸ்ட் இருப்பதால் அடியில் வண்டல் தங்கும். ஆகவே கலங்காமல், சாய்த்து, பொறுமையாக ஊற்ற வேண்டும்.

நம் நகர உணவகங்களில் பெரும்பாலும் 'பெல்ஜியம் முறை' என்று வழங்கப்படுவது இவ்விரண்டும் அன்று; கோதுமையால் ஆன வெண்பீர். அதற்கும் மடத்து வேர் உண்டு. ஹூகார்டன் என்னும் ஊரில் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே துறவிகள் பீர் வடித்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அவ்வகை அங்கே அற்றுப்போயிற்று. 1966-இல் பியர் செலிஸ் என்னும் பால்காரர் அதற்கு மீண்டும் உயிரளித்தார். அதில் இடுபவை கொத்தமல்லி விதையும் கசப்பு நாரத்தையின் உலர்ந்த தோலும். நம் அஞ்சறைப் பெட்டியின் மணமும் ஊறுகாய்ச் சாடியின் மணமும் அயல்நாட்டுப் பானத்தில் கலந்து நிற்கின்றன. நம்மவர் நாவுக்கு இது எளிதில் இசைவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அன்று நாம் கற்றது ஒன்றுண்டு. சுவைப்பவன் விழுங்க அவசரப்படுவதில்லை. முகர்கிறான், பேசுகிறான், நிறுத்துகிறான். அறிவை மயக்கிக்கொள்ளக் குடிப்பவன் எதையும் சுவைப்பதில்லை. மதுவின் சுவைக்கும் மதுவின் மயக்கத்துக்கும் இடையே உள்ள தொலைவே துறவிமடத்துக்கும் சாராயக்கடைக்கும் இடையே உள்ள தொலைவு.

குத்தகையின் கணக்கு

நம் ஊரின் மது வரலாறு வேறு கணக்கில் எழுதப்பட்டது. 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் காலூன்றிய நாள் தொட்டு இது வணிகர் நகரம். கள்ளும் சாராயமும் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டு, மிகுதியாகக் கொடுப்பவர்க்குக் குத்தகையாக அளிக்கும் முறை அன்றைய ஆட்சிகள் எல்லாவற்றிலும் இருந்தது. பிரெஞ்சு ஆட்சியிலும் இருந்தது. குத்தகைதாரர் கட்டிய பணத்தை மீட்டு இலாபமும் காண வேண்டுமாயின் மக்கள் மிகுதியாகக் குடித்தாக வேண்டும். குடிப்பவன் அளவோடு குடித்தால் இழப்பு அவர்க்கும் அரசுக்கும். ஆசீர்வாதப்பர் உயர்ந்தபட்ச அளவை வகுத்தார். குத்தகையோ குறைந்தபட்ச அளவை வேண்டி நின்றது.

1937-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதும் அது பரவியது. பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த புதுவையில் கடைகள் திறந்தே இருந்தன. கோரிமேட்டைத் தாண்டினால் ஒரு சட்டம், தாண்டாவிட்டால் மற்றொரு சட்டம். 1954-இல் கொடி மாறிய பின்னும் அந்த வேறுபாடு நிலைத்தது. தமிழ்நாடு 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தி, 1974-இல் மீண்டும் கொணர்ந்து, 1981-இல் மறுபடியும் கைவிட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமே ஏற்றது. புதுவையிலோ கள், சாராயக் கடைகளின் ஏலமுறை தொடர்கிறது. கலால் வரி அரசின் பெரிய வருவாய்களுள் ஒன்றாக நிற்கிறது. வரி குறைவால் விலையும் குறைவு. அதன் பொருட்டே வார இறுதிகளில் அண்டை மாவட்டத்தார் இங்கு வருகின்றனர்.

ஆட்சியாளர் எவரையும் குறைகூறுவது நம் நோக்கமன்று. வருவாய் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்கிறது என்பர். அதை மறுக்க மாட்டோம். ஆனால் குடிப்பவரின் கூலியிலிருந்து பள்ளிக்குப் பணம் வரும்போது, அப்பணம் முதலில் அவருடைய பிள்ளையின் தட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. மாதத் தொடக்கத்தில் பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நிற்கும் தாய்மார்கள் இக்கணக்கை நன்கறிவர்.

2023-ஆம் ஆண்டு மே மாதம். மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்னும் மீனவச் சிற்றூரிலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். சிறுபாணாற்றுப்படையில் நுளையர் மகள் பாணர்க்கு வடித்த தேறலை வழங்கிய அதே கடற்கரையில், நுளையரின் வழித்தோன்றல்கள் நஞ்சைப் பருகி வீழ்ந்தனர். அன்று கொடுத்தவள் தன் கையால் வடித்தாள். தான் அறிந்த விருந்தினர்க்கு மீனோடு கொடுத்தாள். இன்று விற்றவனுக்குக் குடிப்பவன் யாரென்று தெரியாது. அவன் தேடியது பணம். பானம் எவர் கையிலிருந்து எவர் கைக்குச் செல்கிறது என்பது பானத்தையே மாற்றிவிடுகிறது.

முத்திரையின் பொருள்

இங்கே மீண்டும் மடங்களை எண்ணிப் பார்ப்போம். 'டிராப்பிஸ்ட்' என்னும் பெயரை வணிகர் பலர் தம் பீருக்குச் சூட்டியதால் துறவிகள் நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. 1962-இல் கென்ட் நகர வணிக நீதிமன்றம் அப்பெயரின் உரிமையைப் பற்றித் தீர்ப்பளித்தது. 1997-இல் மடங்கள் பன்னாட்டுச் சங்கமாக இணைந்து அறுகோண முத்திரையொன்றை ஏற்படுத்தின. அதைப் பெற நிபந்தனைகள் மூன்று. மடத்தின் எல்லைக்குள்ளேயோ அதன் அருகிலோ துறவிகளின் மேற்பார்வையில் வடித்தல் வேண்டும். தொழில், துறவு வாழ்வுக்குக் கீழ்ப்பட்டதாக இருத்தல் வேண்டும். மடத்தின் தேவை போக எஞ்சியது ஏழைகளுக்கும் பிறர் நலனுக்கும் செல்லல் வேண்டும். மடத்தில் செய்யும் பொருளை உலகத்தார் விலையினும் சற்றுக் குறைத்தே விற்க வேண்டும் என்று ஆசீர்வாதப்பர் ஐம்பத்தேழாம் அதிகாரத்தில் எழுதியதன் எதிரொலி இது.

2005-இல் வெஸ்ட்விலெத்தரன் மடத்துப் பீர் உலகிலேயே சிறந்தது என்று சுவைஞர்களால் போற்றப்பட்டது. மடத்து வாயிலில் ஊர்திகள் நெடுந்தொலைவு வரிசையில் நின்றன. வணிகராயின் வடிப்பகத்தை இருமடங்காக்கியிருப்பர். துறவிகளோ ஒரு குடம்கூடக் கூட்டவில்லை. செப நேரத்தைக் குறைத்து உற்பத்தியைப் பெருக்க அவர்களுக்கு மனமில்லை. 'போதும்' என்று சொல்லத் தெரிந்தவர் கையில் வடிப்பகம் இருந்தது.

ஆக்கெல் மடத்தின் கதை இதனினும் ஆழ்ந்தது. அங்கே வாழ்ந்த கடைசித் துறவிகளும் பிரிந்த பின்னர், 2021-இல் அம்மடத்துப் பீர் முத்திரையை இழந்தது. நீர் அதே நீர், கொப்பரை அதே கொப்பரை, செய்முறையில் மாற்றமில்லை. சுவைத்தவர் வேறுபாடு காணவில்லை. ஆயினும் முத்திரை எடுக்கப்பட்டது. ஏனெனில் அம்முத்திரை சுவைக்கு உரியதன்று. அங்கே செபித்து உழைத்த வாழ்வுக்கு உரியது.

நம் இளைஞரின் இரண்டாம் கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. துறவியின் உருவம் புட்டியின் மேல் ஒட்டப்படலாம். துறவியின் ஒழுங்கு புட்டிக்குள் அடைக்கப்படுவதில்லை. அளவும், உழைப்பும், ஏழையின் பங்கும் இல்லாத இடத்தில் மடத்துப் பீரும் வெறும் சாராயமே. அவை உள்ள இடத்தில் ஒரு குவளைப் பானம் நன்றியோடு பெறத்தக்க இறைவனின் கொடையே.

கானாவூரில் ஆண்டவர் ஆறு கல்தொட்டி நீரைத் திராட்சை இரசமாக்கினார் என்பதைக் குடிப்பவர் எவரும் மறப்பதில்லை. ஆனால் அது ஒரு திருமணம் என்பதையும், நாணம் அடையவிருந்த ஏழை வீட்டின் மானம் காக்கவே அந்த அருஞ்செயல் நிகழ்ந்தது என்பதையும் மறந்துவிடுகின்றனர். நம் ஊரில் மது, வீட்டின் மானத்தை வாங்குவதையே நாள்தோறும் காண்கிறோம். சீராக்கின் ஞானம் முப்பத்தோராம் அதிகாரத்தில் அளவோடு அருந்தும் மதுவை வாழ்வளிப்பது என்றும், அளவிறந்ததைக் கசப்பும் சண்டையும் விளைப்பது என்றும் ஒரே மூச்சில் சொல்கிறது. திருச்சபையின் மறைக்கல்வி நூலும் மதுவின் மிகையை மட்டுநிலை என்னும் நற்பண்புக்கு எதிரானதாகவே எண்ணுகிறது.

மேலும் ஒன்று. எல்லார்க்கும் ஒரே அளவு பொருந்தாது. முதல் குவளையிலேயே அளவை இழப்பவர் உளர், அது நோய். அவர்க்குரிய அளவு சுழியமே. டப்ளின் நகரத் தொழிலாளர் மத்தேயு டால்பட் சிறு வயதிலேயே குடிக்கு அடிமையானவர். 1884-இல், இருபத்தெட்டாம் அகவையில், இனித் தொடேன் என்று உறுதி ஏற்றார். 1925-இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை அவ்வுறுதி குலையவில்லை. 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். விலக்கியோர்க்குக் கைம்மாறு உண்டென்று ஆசீர்வாதப்பர் எழுதியது இத்தகையோரை எண்ணியே போலும். ஆகவே விருந்தில் வேண்டாம் என்று குவளையைக் கவிழ்த்து வைப்பவரை எள்ளி நகையாடும் வழக்கம் நம் திருமண வீடுகளிலிருந்தும் புதுநன்மை விருந்துகளிலிருந்தும் ஒழிய வேண்டும். அவர் அங்கே ஒரு துறவியின் துணிவோடு அமர்ந்திருக்கிறார்.

கடற்கரைச் சாலையில் பெல்ஜியம் முறைப் பீரை அருந்தச் செல்லும் நம் பிள்ளைகளிடம் நாம் கேட்பது மூன்றே. இக்குவளையின் அளவை வகுத்தவர் யார்? இதற்குக் கொடுத்த பணம் எந்த வீட்டின் தட்டிலிருந்து வந்தது? இதில் இல்லாதவனுக்குரிய பங்கு எங்கே? இம்மூன்றுக்கும் அஞ்சாமல் விடை சொல்லக்கூடியவர் கொத்தமல்லியின் மணத்தையும் நாரத்தையின் கசப்பையும் மகிழ்ந்து சுவைக்கட்டும். சொல்ல இயலாதவர்க்கு நம் நகரில் நல்ல இளநீர் உண்டு.